பைக்கு மட்டும் பொருந்திய லேபிள்

கண்ணு,

இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் சாப்பிட்டீங்களா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா என்று நீ கேட்டாய். போட்டாச்சு என்று சொல்லி வைத்துவிட்டேன். பேச்சில் தப்பிக்கிற வழி எனக்கு நிறையத் தெரியும். முப்பது வருஷம் கவுண்டரில் நின்றவன் அல்லவா. எழுத்தில் அவ்வளவு பழக்கமில்லை, அதனால்தான் எழுதுகிறேன். இதன் ஒரு நகல் நம் ஊர் வியாபாரிகள் வாங்கிப் படிக்கிற மாத இதழுக்கும் போகிறது. அச்சில் வருவதற்கு முன்னால் நீ படித்துவிட வேண்டும் என்று, கல்யாணமாகி நீ இருக்கிற வீட்டுக்குக் கூரியரில் அனுப்புகிறேன். வீட்டு விஷயத்தை ஊருக்குப் படிக்கக் கொடுப்பானேன் என்று உனக்குக் கோபம் வரும். நமக்குப் பை தைத்துக் கொடுத்த ஞானத்தைப் பற்றி நான் சொன்ன பொய்யை ஊரே கேட்டது. உண்மையை உன் காதில் மட்டும் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துகொண்டால் அவளுக்கு அதில் என்ன கிடைக்கும்?

இதழில் படிக்கிறவர்களுக்காகச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது, உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள். சென்னை ராயபுரமல்ல, நம் பனியன் ஊர் ராயபுரத்தில் நம் கடையில் விற்பது பனியன் கம்பெனிகளுக்கு வேண்டிய கைச்சாமான்கள். துணி வெட்டுகிற கத்தரிக்கோல், நூல் வெட்டுகிற டிரிம்மர், மெஷின் முடுக்குகிற ஸ்க்ரூடிரைவர், இந்த மாதிரி. கத்தரிக்கோலும் டிரிம்மரும் சென்னை மொத்த வியாபாரியிடமிருந்து அட்டைப்பெட்டியில் வரும். ஒவ்வொன்றின் பிடியிலும் ஒரு குட்டி ஸ்டிக்கர் இருக்கும், சீனாவில் தயாரித்தது என்று. பல வருஷம் அந்த ஸ்டிக்கரோடுதான் விற்றேன். யாரும் கேட்டதில்லை, நானும் மறைத்ததில்லை. கைக்கு அடக்கமாக இருக்கும், சீக்கிரத்தில் மழுங்காது. சாமான் நல்ல சாமான்தான். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஓட்டைச் சாமானை விற்று ஏமாற்றினேன் என்று நீ நினைத்துக்கொண்டால் அது வேறு தப்பு. நான் செய்தது அதுவல்ல.

எல்லையில் சீனாவோடு ஏதோ சண்டை என்று டிவியில் ஓயாமல் ஓடிய சமயம், ஞாபகமிருக்கும். கடைக்கு வருகிறவர்கள் பிடியைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். இரண்டு வருஷமாக நம்மிடமே கத்தரிக்கோல் வாங்கி, இது மாதிரி வருமா என்று மெச்சிக்கொண்டிருந்த ஒரு கட்டிங் மாஸ்டர், ஒருநாள் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு அப்படியே கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார். அப்புறம் இன்னும் இரண்டு மூன்று பேர் அதேபோல. பிறகு ஒருவர் வந்தார், புது ஆள். "ஏனுங்க, இது நம்ம நாட்டுச் சாமானுங்களா?" என்றார். அவர் கையிலிருந்த ஒன்றில் மட்டும் ஸ்டிக்கர் உதிர்ந்திருந்தது. நான் "ஆமாங்க" என்றேன். அவ்வளவுதான், ஒரே சொல். அவர் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு போனார். நெஞ்சு படபடக்கும் என்று பார்த்தேன், படபடக்கவில்லை. அடுத்த ஆளுக்கு நூல்கண்டு எடுத்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பனியன் கழிவுத் துணியைப் பெயிண்ட் கரைக்கிற தின்னரில் நனைத்து ஸ்டிக்கர்களைத் துடைத்து எடுப்பது என் வேலையாகிவிட்டது. வேலைக்காரர்களிடம் விடவில்லை, நானே செய்தேன். ஸ்டிக்கர் போனாலும் பசை பிசுபிசுவென்று நிற்கும், இன்னொரு தடவை துடைக்க வேண்டும். தினமும் தின்னரில் ஊறி விரல்நுனி வெளுத்து, கொஞ்ச நாளில் உணர்ச்சியே இல்லாமல் போயிற்று. சூடான டம்ளரைப் பிடித்தால் சூடு தெரியாது. உன் அம்மா கேட்டபோது வயசாகுதில்லை என்றேன். அவளுக்குத் தெரியும். கடைக்கு வருவதை அவள் நிறுத்தியது முட்டிவலியால் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது மட்டும் காரணமில்லை.

துடைத்து எடுத்தால் பிடி மொட்டையாக இருந்தது. மொட்டையாக இருந்தாலும் ஆட்கள் சந்தேகப்பட்டார்கள். அப்போதுதான் பை யோசனை வந்தது. ரெக்சினில் ஒரு பை தைத்து அதில் கத்தரிக்கோலைப் போட்டுக் கொடுத்தால் பார்க்கவும் லட்சணமாக இருக்கும். வேலம்பாளையத்தில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த ஞானத்திடம் கொடுத்தேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், புருஷன் சாயப்பட்டறையில் வேலை. அவள் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நான் கூடப் போய்ப் பேசியதிலிருந்து நம்மிடம் ஒரு மரியாதை. நீ காலேஜ் பிராஜக்டுக்குத் தையல் கற்றுக்கொண்டது அவளிடம்தான், உன்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். ஸ்டாக் லாட் விற்கிற இடத்தில், எந்தக் கம்பெனியிலோ மிஞ்சிய சாட்டின் லேபிள் ரோல் ஒன்று கிடைத்தது. டீசர்ட்டின் கழுத்தில் வைத்துத் தைப்பார்களே, மேட் இன் இந்தியா என்று, அது. அதை அவளிடம் கொடுத்து ஒவ்வொரு பையின் வாயிலும் தைக்கச் சொன்னேன். எதுக்கு அண்ணாச்சி என்று கேட்டாள். பை நம்ம ஊரில்தானே தைக்கிறாய், அதைத்தான் போட்டிருக்கு என்றேன். சரிதான் என்று தைத்தாள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. பைக்கு அந்த லேபிள் பொய்யில்லை. வாங்குகிறவன் பைக்காக வரவில்லை என்பதை நான் யோசிக்க மறுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நீ எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்தாய். இந்த ஊரில் லட்சம் பேர் தைக்கிற துணியில் எந்த நாட்டில் தைத்தது என்ற லேபிள் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதும் உன் வேலையில் ஒன்று. ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாய், ஒரு ஆர்டர் முழுக்கத் தப்பான நாட்டு லேபிள் போய்விட்டது, கட்டிய பெட்டிகளையெல்லாம் பிரித்து இரண்டு நாள் பெண்கள் உட்கார்ந்து லேபிளைப் பிரித்தார்கள் என்று. "துணி நல்லாருக்கறது வேற, லேபிள் நெசமா இருக்கறது வேறயிங்கப்பா. ரெண்டையும் கலக்கப்படாதுங்க" என்றாய். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் இன்னொரு தோசை கேட்டேன். உன்னிடமிருந்து மறைத்துக்கொண்டே உன்னைப் பார்த்துப் பெருமைப்படவும் செய்தேன். இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி இருந்தது என்று கேட்காதே, இருந்தது.

இதற்கெல்லாம் முன்னால் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. நீ சென்னையில் கடைசி வருஷம் படிக்கும்போது கடையை உன் பேருக்கு மாற்றினேன். பெண் பேரில் இருந்தால் அரசாங்க ஆர்டரில் முன்னுரிமை உண்டு என்று ஆடிட்டர் சொன்னார். நம் ஊரில் பாதிக் கம்பெனி பெண்டாட்டி பேரிலும் மகள் பேரிலும்தான் நடக்கிறது, அந்தப் பெண்களுக்குக் கம்பெனி எந்தப் பக்கம் என்றே தெரியாது. நீ லீவு முடிந்து கிளம்பும்போது பத்துப் பன்னிரண்டு வெற்று லெட்டர்ஹெட்டை நீட்டி, சும்மா ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ கண்ணு என்றேன். ரயிலுக்கு நேரமாகிறது என்று நின்றபடியே போட்டாய். அரசாங்கத் தையல் பயிற்சி மையங்களுக்குக் கத்தரிக்கோலும் டிரிம்மரும் அடங்கிய கிட் கொடுக்கிற ஆர்டர் வந்தபோது, எல்லாச் சாமானும் உள்நாட்டில் தயாரித்தவை என்று உறுதிமொழி கேட்டார்கள். உன் கையெழுத்துக்கு மேலே அதை டைப் அடிக்கச் சொன்னது நான். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அந்த கிட்களைச் சோதிக்க வந்த அதிகாரி ரொம்ப மரியாதையானவர், டீகூட வேண்டாம் என்றார். ஐந்தாறு பைகளைத் திறந்து பார்த்தார். ஒரே ஒரு கத்தரிக்கோலில் நான் துடைக்க விட்டுப்போன ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. பையில் ஒரு நாடு, பிடியில் ஒரு நாடு. அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். நோட்டீஸ் உன் பேருக்கு வந்தது. லேபிளைச் சரிபார்க்கிற வேலையில் இருக்கிற பெண்ணின் சொந்த நிறுவனமே இப்படியா என்று உன் கம்பெனியில், விளக்கம் வரும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். நீ வந்து ஹாலில் உட்கார்ந்தாய். அழவில்லை. "எப்படிங்கப்பா ஆச்சு?" என்று மட்டும் கேட்டாய். நான் செய்தேன் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. விசாரிச்சுட்டுச் சொல்றேன் கண்ணு என்றேன்.

ஆடிட்டர் ஒரு வழி சொன்னார். பை தைத்து, சாமானைப் போட்டு, கட்டிக் கொடுத்தது வெளி ஆள். அந்த ஆள் எங்களுக்குத் தெரியாமல் தன்னிடமிருந்த லேபிளைத் தைத்துவிட்டார் என்று எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும். எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்றார். அவரே டைப் அடித்துக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வேலம்பாளையம் போனேன். ஞானம் மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதனால் நானே படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அவள் செய்ததாக நான் எழுதி வைத்ததை அவள் முகத்துக்கு நேராக நானே வாசித்தேன். பில் வாசிக்கிற மாதிரி வாசித்து முடித்தேன்.

அவள் என் கையிலிருந்த காகிதத்தை வாங்கிக்கொண்டாள். அப்புறம், "என்ன அண்ணாச்சி, இதுக்குப் போயி இப்பிடித் தயங்குதிய? தச்சது நாந்தானே. பாப்பா பேருக்கு ஒண்ணும் வந்துரக் கூடாது. எங்கன போடணும்னு சொல்லுங்க" என்றாள். இடத்தைக் காட்டினேன். மெதுவாக ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கேட்டாள், "ஏனுங்க, அந்தப் புள்ள நெசமாவே கையெழுத்துப் போட்டுக் குடுத்துருச்சுங்களா?" என்று. ஆமாம் என்றேன். எனக்குச் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு அவள் போய்ப் படுத்துவிட்டாள்.

ஆடிட்டர் சொன்னபடியே ஆயிற்று. எச்சரிக்கையோடு விட்டார்கள், உன் கம்பெனியில் உன்னை மறுபடி கூப்பிட்டுக்கொண்டார்கள். வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் நாலு பேர் கேட்டபோது, பை தைக்கிறவள் பண்ணிய வேலை, நம்பிக் கொடுத்தேன் என்று நான் எழுந்து நின்று சொன்னேன். உன்னிடமும் அதையேதான் சொன்னேன். நீ நம்பவில்லை. ஞானம் அக்கா அப்படிச் செய்யாதுங்களே என்று இரண்டு தரம் கேட்டாய். அவள் கையெழுத்தைக் காட்டினேன். அப்பா காட்டுகிற காகிதத்தை நம்பாமல் மகள் என்ன செய்வாள்?

போன மாதம் நீ போன் செய்தாய். உங்கள் கம்பெனிக்கு வெளியில் தைத்துக் கொடுக்கிற யூனிட்களைப் பதிவு செய்கிற பட்டியல் உன் மேஜைக்கு வந்தது என்றாய். அதில் ஞானத்தின் பெயர் இருந்தது. இரண்டு மெஷின் ஆறாகியிருந்தது, உங்கள் கம்பெனி வேலை கிடைத்தால் வருஷம் முழுக்க ஓடும். லேபிள் விஷயத்தில் தவறு செய்தவர், அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று குறிப்பு எழுதி நீ அதை நிராகரித்துவிட்டாய். "மனசு கஷ்டமாத்தானுங்கப்பா இருந்துச்சு. தெரிஞ்சவங்கன்னு விட்டா அப்பறம் ரூல் எதுக்குங்க?" என்றாய். நீ செஞ்சது சரிதான் கண்ணு என்றேன். நான் செய்ததிலெல்லாம் இதுதான் கேவலம். ஸ்டிக்கரைத் துடைத்ததுகூட இல்லை, ஞானத்திடம் கையெழுத்து வாங்கியதுகூட இல்லை. நேர்மையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற என் மகளை வைத்தே ஞானத்தின் தலையில் இன்னொரு கல்லைப் போட வைத்து, பேஷ் என்று தட்டியும் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவளைப் பார்க்கப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, வண்டி அந்தப் பக்கம் திரும்பிற்று. ஆறு மெஷினில் நாலின் மேல் பெட்ஷீட் போர்த்திக் கிடந்தது. உங்கள் கம்பெனியே வேண்டாம் என்றதைக் கேள்விப்பட்டு, கொடுத்துக்கொண்டிருந்த மற்றவர்களும் நிறுத்திவிட்டார்கள். அவள் காலையில் வேறொருவர் யூனிட்டில் போய்த் தைத்துவிட்டு வருகிறாள். டீ போட்டுக் கொடுத்தாள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டாள். "பாப்பா மேல ஒரு தப்பும் இல்ல அண்ணாச்சி. அது அதோட வேலையப் பாத்துச்சு" என்றாள். பாப்பாவிடம் நடந்ததைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். எவ்வளவு பெரிய மனுஷன் பார், அவளிடம் போய் இதைக் கேட்கிறேன். அவள் கோபப்படவில்லை. "கையெழுத்துப் போட்டாச்சு. போட்ட பொறவு மாத்திப் பேசுனா அதுக்கு என்ன மரியாத?" என்றாள். பொய்யான காகிதத்தில் போட்ட கையெழுத்துக்கு அவள் கொடுத்த மரியாதையை நான் உன் கையெழுத்துக்குக் கொடுக்கவில்லை.

அழுதுவிட்டு வந்தேன் என்று எழுதினால் உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அழவில்லை கண்ணு. வருகிற வழியில் பெட்ரோல் போட்டேன், உன் அம்மாவுக்கு மாத்திரை வாங்கினேன். மனசு எப்போதோ மரத்துவிட்டது, அதைத் தட்டி எழுப்பப் பார்க்கிறேன், எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. வருத்தம் வரட்டும், வந்ததும் சொல்லலாம் என்று காத்திருந்தால் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. அதனால் வருத்தம் வராமலேயே செய்கிறேன். செய்ய வேண்டியதைச் செய்வதற்கு அது கட்டாயம் வேண்டியதில்லை போலிருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் இரண்டு சொல்கிறேன், தப்புச் செய்தவன் சொல்வதில் கொஞ்சம் விவரம் இருக்கும். சும்மா ஒரு கையெழுத்து என்று யார் காகிதத்தை நீட்டினாலும் உட்கார்ந்து படி. ரயில் போனால் போகட்டும். நீட்டுகிறவர் உன் புருஷனாக இருந்தாலும், நானாகவே இருந்தாலும் படி. இன்னொன்று, ஒருவர் மேல் நடவடிக்கை எடுக்கும்போது அவர் எழுதிக் கொடுத்த காகிதம் கையில் இருந்தாலும் ஒரு தடவை நேரில் போய்க் கேள். வேலம்பாளையம் உன் ஆபீசிலிருந்து இருபது நிமிஷம். நீ போயிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நீயே கண்டுபிடித்திருப்பாய். உன்னைக் குறை சொல்லவில்லை. உன்னைப் போகவிடாமல் செய்தது என் பேச்சுதான்.

திங்கட்கிழமை அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஸ்டிக்கரைத் துடைத்தது, லேபிள் வாங்கிக் கொடுத்தது, உன் வெற்றுக் கையெழுத்துக்கு மேலே உறுதிமொழி டைப் அடித்தது, ஞானத்திடம் பொய்யை எழுதி வாங்கியது, எல்லாம். அவர் படித்துவிட்டு, இது உங்க மகளுக்கு மறுபடி சிக்கலாகும், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். நிறுவனம் உன் பேரில் இருக்கிறது, மூடிய கோப்பைத் திறப்பார்கள், உன்னை விசாரிப்பார்கள். உன் வேலைக்கு என்ன ஆகும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உன்னிடம் கேட்காமல் உன் பேரைக் கெடுத்தேன். இப்போதும் உன்னிடம் கேட்காமல்தான் இதைச் செய்திருக்கிறேன். கேட்டிருந்தால் நீ சரி என்றுதான் சொல்லியிருப்பாய். ஆனால் அப்படிச் சொல்ல வேண்டிய கஷ்டத்தையும் உன் தலையில் வைக்க வேண்டாம் என்று பட்டது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னை மன்னிக்கச் சொல்லவில்லை, அதற்கு அவசரமில்லை. அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். இதைப் படித்த மறுநாள் ஆபீசுக்குப் போனதும் அந்த யூனிட் பட்டியல் இருக்கிற கோப்பை எடு. ஞானத்தின் பெயருக்கு எதிரே நீ எழுதிய வரியை அடித்துவிடு. கீழே என் பெயரைச் சேர்த்து, அதே வரியை, ஒரு சொல்லும் குறைக்காமல், அதற்கு எதிரே எழுது. சம்பந்தப்பட்டவர் உங்களுக்கு என்ன உறவு என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்குமாமே, அதைக் காலியாக விடாதே. அப்பா என்று எழுது.